தரையில் படுக்கும் நடிகரும் நாலாவது வரிசையும்

ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ போகிற நண்பர் ஒருவர், அங்கே அந்த மாதம் நடக்கும் ஃப்ரிஞ்ச் கலைவிழாவைப் பற்றி, "ஃப்ரிஞ்சில் சின்ன நாடகங்களுக்குப் போகலாமா, காசுக்குத் தகுமா?" என்று கேட்டிருந்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், தேர்வுக் குழு கிடையாது, இடம் பிடித்தவர் யாரும் மேடையேறலாம் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். 1947இல் எடின்பரோ சர்வதேச விழாவுக்கு அழைப்பில்லாமல் வந்து நாடகம் போட்ட எட்டுக் குழுக்களில் தொடங்கிய வழக்கம் அது. அதைத் திரும்பச் சொல்லாமல், பல ஆண்டுகளாகப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பொறுமை இழந்துபோன ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நடிகர் தரையில் உட்கார்ந்தால் நாலாவது வரிசைக்குத் தெரிவதில்லை.

சின்னக் குறை மாதிரித்தான் தோன்றும். ஆனால் ஒரு மணி நேர நாடகத்தின் உச்சம் பெரும்பாலும் தரையில்தான் நடக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு மகள் அப்படியே சரிந்து உட்காருவாள், சண்டையில் தம்பி விழுந்து கிடப்பான். முன் வரிசையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. ஐந்தாவது வரிசையில் இருப்பவருக்குத் தெரிவதோ முன்னால் இருப்பவரின் பின்னந்தலை. அதற்கும் பின்னால் இருப்பவர்கள் இடமும் வலமும் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள், நாற்காலிகள் கிறீச்சிடும், வசனம் அதில் போய்விடும்.

கணக்கு எளிது. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். உச்சந்தலை அதற்கும் மேலே 10, 12 செ.மீ. மேடை என்று போட்டிருப்பது 30 செ.மீ. பலகை. அதில் நிற்பவரின் தலை 2 மீட்டருக்கு வந்துவிடும், எல்லோருக்கும் தெரிவார். அவரே கீழே உட்கார்ந்தால் தலை 115, 120 செ.மீ.க்கு இறங்கிவிடும், அதாவது நம் கண் மட்டத்துக்கு. நடுவில் மூன்று வரிசைத் தலைகள். படுத்தால் சுத்தமாகத் தெரியாது. ஒவ்வொரு வரிசையையும் முந்தையதைவிட ஒரு சாண் உயர்த்திப் போட்டால் தீர்ந்துபோகும் சிக்கல் இது.

ஏன் போடுவதில்லை? ஆண்டு முழுக்க வகுப்பறையாகவும் தேவாலயக் கூடமாகவும் ஹோட்டலின் கூட்ட அறையாகவும் பாலத்தடிக் கல்லறைகளாகவும் (புதைக்கிற கல்லறை இல்லை, கல்லால் கட்டிய வளைகூரை அறைகள்) இருப்பவைதான் ஆகஸ்டில் மூன்று வாரத்துக்கு நாடக அரங்கமாகின்றன. கூரை தாழ்வு. பின்வரிசையை உயர்த்தினால் தலை விளக்கில் இடிக்கும். இதுவரைக்கும் அறையின் குறை, மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது குழுக்களின் அலட்சியம். ஒத்திகை நடப்பது ஒரு வெற்று அறையில், இயக்குநர் இரண்டு அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அவருக்கு எல்லாம் தெரியும். அரங்கில் கிடைக்கும் தொழில்நுட்ப ஒத்திகை சில மணி நேரம்தான். அது முழுக்க விளக்குக்கும் ஒலிக்கும் போய்விடும். கடைசி வரிசையில் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார். 45 செ.மீ. உயரத்தில் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்து, தரையில் உட்காருவதற்குப் பதில் அதில் உட்கார்ந்திருந்தால் பாதிக் காட்சிகள் பிழைத்திருக்கும்.

இதே ஊரில் கண்ணுக்குப் பழுதில்லாத இடங்களும் இருக்கின்றன. சம்மர்ஹால் ஒரு காலத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி. அங்கே உடற்கூறு விரிவுரை அரங்கம் கிணற்றுப் படிகள் மாதிரி செங்குத்தாக இறங்கும். மேசைமேல் கிடக்கும் விலங்கின் உடலைக் கடைசி மாணவனும் பார்க்க வேண்டும் என்று கட்டியது, அதனால் தரையில் கிடக்கும் நடிகரின் விரல் அசைவுகூடத் தெரியும். பலகை இருக்கை, முதுகு வலிக்கும், அது வேறு. பெயின்ஸ் ப்ளவ் நாடகக் குழுவின் ரவுண்டபவுட், பிரித்துப் பொருத்துகிற வட்ட அரங்கு, 168 இருக்கைதான், அதிலும் யார் தலையும் மறைக்காது. டிராவர்ஸ் என்பது நாடகத்துக்கென்றே கட்டிய அரங்கு, அங்கே கவலையே வேண்டாம்.

மற்ற இடங்களில் முன்னால் போய் உட்காருவதுதான் ஒரே வழி. சின்ன அரங்குகளில் இருக்கை எண் கிடையாது, வரிசையில் முதல் பத்துப் பேருக்குள் நிற்க வேண்டும். 15 நிமிடம் முன்னதாகப் போனால் போதும். இரண்டு நாடகங்களுக்கு நடுவே அரை மணிக்குக் குறைவாக விட்டால் அது நடக்காது. தொடங்கிய பிறகு பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். கைபேசி வரைபடத்தையும் முழுக்க நம்ப வேண்டாம். கௌகேட் தெரு பாலங்களுக்கு அடியில் ஓடுகிறது. ஜார்ஜ் நான்காம் பாலத்தின்மேல் நின்றால் "வந்துவிட்டீர்கள்" என்று காட்டும், தெரு காலுக்குக் கீழே பல அடி ஆழத்தில் இருக்கும், சுற்றி இறங்க வேண்டும். மேடை நேர் எதிரே இருந்தால் இரண்டாவது வரிசையின் நடைவழி ஓர இருக்கை நல்லது. மூன்று பக்கமும் ஆட்கள் உட்காரும் அறையில் முதல் வரிசை தவிர வேறெதுவும் வேண்டாம். பகல் ஒரு மணியைத் தாண்டி நீளும் நாடகம் என்றால் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் கோட்டையில் பீரங்கி வெடிக்கும், நல்ல நடிகர் அந்த நொடிக்கு ஓர் இடைவெளி வைத்திருப்பார். உள்ளே வெக்கை, தண்ணீர் கொண்டுபோகவும்.

இவ்வளவுக்கும் நடுவே, பெரிய அரங்கு எதிலும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது. தரையைப் பாருங்கள், மூலைக்கு மூலை சிவப்பு, மஞ்சள், நீலமாக ஒட்டுநாடாத் துண்டுகள் இருக்கும். ஒரே அறையில் ஒரு நாளில் ஏழெட்டுக் குழுக்கள் ஆடுகின்றன, ஒவ்வொருவரின் மேசையும் நாற்காலியும் நிற்கவேண்டிய இடத்துக்கு அவரவர் நிறம். கைதட்டல் ஓய்ந்ததும் அடுத்த குழுவுக்கு அறையை ஒப்படைக்க 15 நிமிடம்கூட இருக்காது. சற்றுமுன் அழுத நடிகை கண் காயாமலே குனிந்து, தான் கிழித்துப்போட்ட கடிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போடுவார். மேசையின் மறுபக்கத்தை விளக்குப் பொறுப்பாளர் பிடிக்க, இருவருமாகத் தூக்கிக்கொண்டு நம்மைத் தாண்டி வெளியேறுவார்கள். அந்தக் கைகளின் வேகத்தைப் பார்க்கும்போது தொழில்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

ஆனாலும் நண்பருக்கு என் பதில் இதுதான்: சமதள அறையில் நடக்கும் நாடகத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்க வேண்டாம். நான் பார்த்ததில் ஆகச் சிறந்த நடிப்பு அப்படிப்பட்ட அறைகளில்தான் நடந்தது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் தெரிகிற இருக்கைக்கும் தெரியாத இருக்கைக்கும் ஒரே விலை வாங்குவது நியாயமில்லை. முடிந்ததும் வாசலில் வாளி நீட்டும் இலவச நாடகங்களுக்கு மட்டும் எந்த அறையானாலும் போகலாம். அங்கே பார்த்த அளவுக்குப் போட்டுவிட்டு வரலாம்.