மும்மொழி இயந்திரக் கையேட்டுக்கு எது பொருந்தும்: ஸ்பிங்க்ஸ், எம்கேடாக்ஸ், டாகுசாரஸ்

பெங்களூரின் பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்ற கருவிகளைத் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள், அச்சடித்த கையேட்டைக் கைவிட்டு இணையத்தில் ஓர் ஆவணத் தளம் வைக்க விரும்புகின்றன. பொறியாளர்கள் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். கருவியை இயக்கும் ஆபரேட்டர்களுக்கோ கன்னடமும், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குத் தமிழும் வேண்டும். இப்படிப்பட்ட தளத்துக்குத் தரவுத்தளமோ தினமும் கவனிக்க வேண்டிய சர்வரோ தேவையில்லை; உரைக் கோப்புகளிலிருந்து எச்டிஎம்எல் பக்கங்களை உருவாக்கித் தரும் ஒரு ஸ்டாட்டிக் கருவியே போதும். எந்தக் கருவி என்பதுதான் கேள்வி.

பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் உருவாக்கி 2008இல் வெளிவந்தது ஸ்பிங்க்ஸ். டாம் கிறிஸ்டி தொடங்கிய எம்கேடாக்ஸ் 2014இல் வந்தது. அதைப் பெரும்பாலோர் மெட்டீரியல் என்ற தோற்றத்துடன் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். டாகுசாரஸ் 2017இல் ஃபேஸ்புக் வெளியிட்டது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் மீது இயங்குவது. ஹியூகோ என்ற இன்னொரு ஸ்டாட்டிக் கருவியின் வேகத்தைப் பலரும் புகழ்வார்கள். ஆனால் இருநூறு பக்கக் கையேட்டுக்கு அந்த வேகம் ஒரு பொருட்டல்ல என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது தளத்தின் அழகு அல்ல, மொழிபெயர்ப்பு பழசாகும்போது அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதே. ஆங்கிலப் பக்கத்தில் ஒரு போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு 10 நியூட்டன் மீட்டரிலிருந்து 12 ஆக மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். டாகுசாரஸிலும், பன்மொழிச் செருகுநிரல் சேர்த்த எம்கேடாக்ஸிலும் தமிழ்ப் பக்கம் தனிக் கோப்பாக இருக்கும். அந்தக் கோப்பே இல்லையென்றால் ஆங்கிலப் பக்கம் காட்டப்படும். இருந்தால், அது எவ்வளவு பழையதாயினும், 10 என்ற எண்ணையே எந்த எச்சரிக்கையுமின்றித் தொடர்ந்து காட்டும். ஸ்பிங்க்ஸ் வேறு வழியில் செல்கிறது. கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறைப்படி அது ஆங்கில உரையைப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மொழிபெயர்ப்பைப் பிஓ கோப்பில் வைக்கிறது. மூலப் பத்தி மாறிய பின் அந்தக் கோப்பைப் புதுப்பித்தால், பழைய மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியது என்று குறிக்கப்படும். அதைச் சரிபார்த்துக் குறியை நீக்கும்வரை அந்த ஒரு பத்தி மட்டும் தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலத்தில் தோன்றும். பார்க்க அழகாக இராது. ஆனால் தவறான தமிழைவிடச் சரியான ஆங்கிலம் இயந்திரத்தின் முன் நிற்பவருக்குப் பாதுகாப்பானது. அந்த எண்ணையாவது அவர் சரியாகப் படித்துக்கொள்வார்.

அடுத்தது, கருவியின் பேனலில் ஒட்டப்படும் க்யூஆர் கோடு. பிழைக் குறியீடு தோன்றினால், ஸ்கேன் செய்தவுடன் அதற்குரிய தலைப்பிலேயே பக்கம் திறக்க வேண்டும். எம்கேடாக்ஸ் இயல்பான அமைப்பில் தலைப்பின் முகவரியிலிருந்து தமிழ் எழுத்துகளை நீக்கிவிடுவதால் _1, _2 என்ற எண்களே மிஞ்சும். மூலக் கோப்பிலேயே தலைப்பைத் தமிழில் எழுதினால் ஸ்பிங்க்ஸும் அவ்வாறே id1, id2 என்று தருகிறது. இடையில் ஒரு தலைப்பைச் சேர்த்தால் எண்கள் நகர்ந்து, ஏற்கெனவே ஒட்டிய ஸ்டிக்கர்கள் எல்லாம் வேறு பிழையின் விளக்கத்துக்குப் போய் நிற்கும். டாகுசாரஸ் தமிழ் எழுத்துகளை அப்படியே வைத்துக்கொள்கிறது. எனினும் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்; முகவரியில் ஒவ்வொரு பைட்டும் %E0 போல 3 எழுத்தாக எழுதப்படுவதால், அது 9 எழுத்துகளாக விரிந்து க்யூஆர் கோட்டை நெருக்கமாக்கிவிடும். மூன்றிலுமே தலைப்புக்கு நாமே சுருக்கமான ஒரு முகவரியைக் கொடுக்க வழி உண்டு. எல்லாத் தலைப்புகளுக்கும் வெளிப்படையான முகவரியை எழுதிவிடும் கட்டளையை டாகுசாரஸ் தன்னுடனேயே கொண்டிருக்கிறது என்பதால், இந்த ஓர் இடத்தில் அது முந்துகிறது.

தேடல் வசதியில் ஸ்பிங்க்ஸ் பின்தங்குகிறது என்பதை மறைக்க முடியாது. அதன் தேடல் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. சொற்களைப் பிரிக்கும் விதமும் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகக் கருதாததால், 'மோட்டார்' என்ற சொல்லே துண்டுகளாகச் சிதறும். மெட்டீரியல் தோற்றமுள்ள எம்கேடாக்ஸில் தேடல் மொழியாகத் தமிழையும் கன்னடத்தையும் குறிப்பிடலாம். டாகுசாரஸில் தேடல் உள்ளமைந்து வருவதில்லை. அல்கோலியா சேவையையோ வேறு செருகுநிரலையோ நாட வேண்டும். ஸ்பிங்க்ஸைத் தேர்ந்தெடுப்பவர்கள், தளம் உருவான பின் அதன் பக்கங்களை அட்டவணைப்படுத்தும் பேஜ்ஃபைண்ட் போன்ற தனிக் கருவியைச் சேர்ப்பது நல்லது.

தகரக் கூரை போட்ட பட்டறைகளுக்குள் மொபைல் சிக்னல் எப்போதும் கிடைப்பதில்லை என்பதால் பிடிஎஃப் பிரதியும் வேண்டும். ஸ்பிங்க்ஸ் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாக அதைத் தானே தருகிறது. தமிழுக்கு அதன் சீலேடெக் வகையையும் தகுந்த எழுத்துருவையும் அமைத்துக்கொள்ள வேண்டும். மற்ற இரண்டிலும் செருகுநிரலையோ உலாவியின் அச்சு வசதியையோ நம்ப வேண்டியிருக்கும்.

பராமரிப்பில் எம்கேடாக்ஸின் எளிமைக்கு ஈடில்லை. ஓர் அமைப்புக் கோப்பும், மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதிய கோப்புகள் உள்ள ஒரு கோப்புறையும் இருந்தால் தளம் தயார். ஆனால் மெட்டீரியல் குழுவினர் 2025 நவம்பரில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றி, ஜென்சிக்கல் என்ற புதிய கருவியை அறிவித்துவிட்டார்கள். ஆகவே இன்று அதில் தொடங்குபவர் பிற்பாடு ஒரு மாற்றத்துக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். டாகுசாரஸைப் பொறுத்தவரை, ரியாக்ட் தெரிந்தவர் நிறுவனத்தில் நிரந்தரமாக இருந்தால் மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன். மென்பொருள் நிறுவனங்களுக்கு அதன் பதிப்புவாரி ஆவண வசதி மிகப் பயனுள்ளது, பீன்யா பட்டறைக்கு அது அதிகப்படி.

எனவே மும்மொழிக் கையேட்டுக்கு என் தேர்வு ஸ்பிங்க்ஸ்தான். அதில் உரையை எழுதும் பழைய குறியீட்டு முறை கடினம் என்று தயங்குபவர்கள் மிஸ்ட் என்ற நீட்சியைச் சேர்த்து மார்க்டவுனிலேயே எழுதலாம். ஆங்கிலம் மட்டுமே போதும் என்பவர்களுக்கு எம்கேடாக்ஸ் இப்போதும் தகும்.

தளத்தை எங்கே வைப்பது என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. கிட்ஹப் பேஜஸ் இலவசக் கணக்கில் கோப்புகளைப் பொதுவில் வைக்கச் சொல்லும், தளம் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. மூலக் கோப்புகளை மறைத்து வைக்க விரும்பினால் கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் ஒத்துவரும். எதில் வைத்தாலும் க்யூஆர் கோட்டில் அச்சிடுவது நிறுவனத்தின் சொந்த டொமைன் முகவரியாக இருக்கட்டும். அந்த டொமைன் தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் பெயரிலன்றி நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாகியிருந்தால், பிறகு சேவையை மாற்றினாலும் ஸ்டிக்கர்களை உரித்தெடுக்க வேண்டியிராது.