14 கேஜ் என்று சொல்லி 18 கேஜ் வலை: என் 6,850 ரூபாய் போனது, நீங்களாவது உஷாராக இருங்கள்

6,850 ரூபாய். ஐந்து பறவைக் கூடு செய்ய வாங்கிய கம்பி வலைக்குக் கொடுத்த பணம். கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண், 14-ஐ விட 18 மெல்லியது. வலை உதவவில்லை, பணம் திரும்பவில்லை, நேற்று காலை ஒரு பெட்டையும் செத்துக் கிடந்தது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலை வாங்கும்போது என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ஐந்து ஜோடி பட்ஜி. நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்போமே, அதுதான். ஒரே கூட்டில் முட்டையிடும் பானைகளைக் கட்டினால் பெட்டைகள் பானைக்காக அடித்துக்கொள்கின்றன, முட்டை உடைகிறது. ஜோடிக்கு ஒரு கூடாகப் பிரிக்க நினைத்தேன். நீளம் 2 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ஒரு கூட்டுக்குப் பதினாறரை சதுர அடி வலை பிடிக்கும். 4 அடி அகலத்தில் 25 அடிச் சுருள் ஒன்று வாங்கினால் ஐந்தும் செய்து கொஞ்சம் மிஞ்சும். திண்டுக்கல்லில் நான் கேட்ட கடைகளில் கோழிக்கூட்டுக்குப் போடும் ஒரு இஞ்ச் வலைதான் இருந்தது. எனக்கு வேண்டியது அரை இஞ்ச்சுக்கு ஒரு இஞ்ச் கண். அதனால்தான் ஆளுக்கு ஆள் பொருள் விற்கும் ஒரு செயலிக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

விற்றவர் வேறு மாவட்டம். போனில் முக்கால் மணி நேரம் பேசினார். விலையைப் பற்றிப் பேசியது கடைசி ஐந்து நிமிடம்தான். அதற்கு முன்னால் முழுக்கப் பறவைதான். பானையை எந்த மூலையில் கட்டுவது, பறவை கொத்தித் தின்னும் கணவாய் ஓடு எங்கே தொங்கவிடுவது, அடியில் ட்ரே எவ்வளவு இறக்கி வைப்பது, எல்லாம் சொன்னார். அப்புறம் இதையும் அவரே சொன்னார்: "தம்பி, பறவை சும்மா இருக்காது, கம்பியக் கடிச்சுக்கிட்டே இருக்கும். மேல பூசுன துத்தநாகம் உதிர்ந்து வயித்துக்குள்ள போச்சுன்னா பச்சையாக் கழியும், தண்ணி தண்ணியாக் குடிக்கும், முடியப் புசுபுசுன்னு வச்சுக்கிட்டு உக்காந்துரும். மட்ட வலைய மட்டும் வாங்கிராதீங்க."

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். வெர்னியர் வைத்துக் கம்பியை அளந்து ஒரு வீடியோ அனுப்பினார், 2 மில்லிமீட்டர் காட்டியது. 14 கேஜ், வெல்டு செய்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த சரக்கு, லாரி வாடகை சேர்த்து 6,850. "செயலி வழியா கட்டுனா கமிஷன் பிடிச்சுருவான், நேரா போட்டு விட்ருங்க" என்றார். போட்டுவிட்டேன்.

நான்காம் நாள் லாரி ஆபீஸில் சுருளை ஒற்றைக் கையால் தூக்கினேன். ரசீதில் 11 கிலோ. 14 கேஜில் அந்தக் கண்ணளவில் 100 சதுர அடி என்றால் 25 கிலோவுக்குக் குறையாது. அந்தக் கணக்கை நான் போட்டது பத்து நாள் கழித்துத்தான். அன்று போன் செய்து கேட்டதற்கு, "பார்க்க சன்னமாத்தான் இருக்கும் தம்பி, பலம் இருக்கும்" என்றார். அதையும் நம்பி அந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து இரண்டு கூட்டை வெட்டி, மடக்கி, கிளிப் அடித்து முடித்தேன். கையெல்லாம் வெள்ளைத் தூள். ஈரத்தில் கிடந்த பழைய சரக்குக்குப் பிடிக்கும் வெள்ளைத் துரு அது என்று எனக்குத் தெரியாது, வழியில் ஒட்டிய தூசி என்று துடைத்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் பெட்டை ஒன்று மந்தமானது. பச்சைக் கழிச்சல், தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. அவர் சொன்ன அடையாளம் ஒவ்வொன்றும். சோதனை செய்யாமல் துத்தநாகம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கூட்டை உடனே மாற்றுங்கள் என்றார் கால்நடை மருத்துவர். மாற்றினேன். வெட்டிய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பழைய ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் கேஜ் தட்டின் வெட்டுகளில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்துவிட்டு, "பதினெட்டு தம்பி. ஒன்னே கால் மில்லிகூட வராது" என்றார். வெல்டு புள்ளிகளில் செந்துரு தொடங்கியிருந்ததையும் அவர்தான் காட்டினார். முலாம் பூசிய கம்பியைப் பிறகு வெல்டு செய்த வலையாம், சூட்டில் அந்த இடத்து முலாம் போய்விடுமாம்.

அதற்குப் பிறகு விற்றவரிடம் கேட்டபோது நடந்தது உங்களுக்கே தெரியும். முதல் நாள், "கேஜ் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்." இரண்டாம் நாள், "குடோன் ஆள் மாத்திப் போட்டிருப்பான், பார்க்கிறேன்." மூன்றாம் நாள் கல்யாண வீட்டில் இருந்தார். பிறகு, "வெட்டுன வலையத் திருப்பி எடுக்க முடியாது, கிரைண்டர் சூட்டுலகூடத் துரு பிடிக்கும்." 6,850 வேண்டாம், பாதியாவது கொடுங்கள் என்றேன். எண்ணைத் தடுத்துவிட்டார். செயலிக்காரர்களிடம் முறையிட்டால், வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் பதில். இரண்டாம் முறை எழுதினேன், அதே வரி. பெட்டை செத்ததை எழுதினேன், அதற்கும் அதே வரிதான்.

நேற்று 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 6,850 ரூபாய் வருமா தெரியாது.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேனே. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும், அதனால் எண்ணை நம்பாமல் மில்லிக் கணக்கில் எழுதி வாங்குங்கள். வீடியோவில் அளப்பது உங்களுக்கு வரும் சுருள் இல்லை. எடையை முன்கூட்டியே கேளுங்கள், லாரி ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் வெட்டாதீர்கள். பணத்தை வெளியே கட்டவே கட்டாதீர்கள். நல்ல வலையாக இருந்தாலும் வினிகர் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு பறவையை விடுங்கள். இன்னும் சொல்ல இருக்கிறது, ஆனால் ஜோடியில் மிஞ்சிய சேவலும் காலையிலிருந்து தினையைத் தொடவில்லை. அதைத் துணி போட்டு மூடி மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகிறேன்.