எலெக்ட்ரிக் ஸ்டியருக்கு மாறுகிறவர்கள் காசு கொடுக்கும் முன் டெக்கைத் திறந்து பாருங்கள்

டாலஸ் சுற்றுவட்டாரத்தில் பாஸ் மீன் பிடிக்கிற நம்மாட்கள் பலர் கேபிள் ஸ்டியர் ட்ரோலிங் மோட்டாரை (படகின் முன்முனையில் மாட்டி, கால் பெடலால் திருப்பும் பேட்டரி மோட்டார்) கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஸ்டியருக்கு மாறும் யோசனையில் இருக்கிறீர்கள் என்று தெரியும். தாராளமாக மாறுங்கள். ஆனால் மாட்டித் தரும் கடையில், என்ன கோளாறு என்று போய் நின்றாலும் ஒரு வசனம் சொல்வார்கள்: "கேபிள்ல பழகினவங்களுக்கு ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்." இந்த ஒற்றை வசனத்தை வைத்தே ஒரு சீசன் முழுக்க என்னை அலைக்கழித்தார்கள்.

அந்த வசனம் பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து. கேபிள் ஸ்டியரில் பெடலிலிருந்து இரண்டு ஸ்டீல் கேபிள்கள் நேரே மோட்டார் தலைக்குப் போகின்றன. முன்காலை அழுத்தினால் வலது, குதிகாலை அழுத்தினால் இடது. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறதோ ப்ரொப்பல்லரும் அந்தத் திசையில்தான் இருக்கும். தூண்டில் முனையிலிருந்து கண்ணை எடுக்கவே வேண்டாம். எலெக்ட்ரிக் ஸ்டியரில் பெடல் கட்டளை மட்டும்தான் அனுப்பும். ஷாஃப்டை, அதாவது ப்ரொப்பல்லரைத் தாங்கும் தண்டை, திருப்புவது தலைக்குள் இருக்கும் சின்ன மோட்டார். அதனால் கொஞ்சம் தாமதம், மெல்லிய முனகல், திசை தெரிய அடிக்கடி குனிந்து பார்க்கும் வேலை எல்லாம் வரும். பதிலுக்குக் கிடைப்பது ஜிபிஎஸ் நங்கூரம்: பட்டனை அழுத்தினால் காற்றடித்தாலும் படகு அதே இடத்தில் நிற்கும். கேபிள் பெடலின் உணர்வும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தே வேண்டும் என்பவர்களுக்காக மின் கோட்டா (Minn Kota) கம்பெனி 2016-ல் அல்ட்ரெக்ஸ் என்ற மோட்டாரைக் கொண்டுவந்தது. 2019-ல் கார்மின் ஃபோர்ஸ், லோரன்ஸ் கோஸ்ட் என்று பிரஷ்லெஸ் (உள்ளே கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார்கள் வந்தன. நான் வாங்கியது எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. மோட்டார் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை, மாட்டிக்கொடுத்த கடை மீதுதான். பெயர் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. 24 வோல்ட், 80 பவுண்டு இழுவை. மோட்டார் விலை 3,000 டாலருக்கு மேல். கூலி தனி. பில்லில் தனி வரியாக "6 கேஜ் ஒயர் முழு நீளம், 60 ஆம்ப் பிரேக்கர், புது பிளக்" என்று எழுதி அதற்கும் நல்ல தொகை. (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும். பிரேக்கர் என்பது கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்.) வேலை முடிந்ததென்று காட்டிய என் படகில் பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் தடித்த சிவப்பு ஒயர் பளபளவென்று இருந்தது. முன்பக்க பிளக்கிலும் அதே தடித்த ஒயர். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டேன்.

லேக் ஃபோர்க்குக்குப் போனதும் கூத்து தொடங்கியது. அந்த ஏரியைத் தெரியாதவர்களுக்கு: டெக்சஸின் சாதனை பாஸ் மீன், 18.18 பவுண்டு, 1992-ல் பிடிபட்ட இடம். தண்ணீருக்குள் மரங்களை வெட்டாமலே விட்டிருப்பதால் எங்கு பார்த்தாலும் கட்டையும் குச்சியுமாக நிற்கும். மீன் இருப்பதும் அங்கேதான், படகு இடிபடுவதும் அங்கேதான். காற்று இல்லாதபோது மோட்டார் ஒழுங்காக ஓடியது. தெற்குக் காற்று எழும்பி ஜிபிஎஸ் நங்கூரத்தைப் போட்டால், கொஞ்ச நேரம் பிடித்து நிற்கும். அப்புறம் மோட்டார் தலை 'பீப்' என்று அணைந்து மறுபடி உயிர்பெறும். அதற்குள் படகு கட்டைமேல் போய் இடித்திருக்கும். வேகத்தை முழுக்கக் கூட்டிவிட்டுத் திருப்பினால் ஷாஃப்ட் சோம்பேறித்தனமாகத் திரும்பும். முன்பக்க பிளக்கைத் தொட்டால் சுட்டது.

கடைக்குப் போனால் முதல் பதில் அந்த வசனம். அடுத்த முறை சாஃப்ட்வேர் அப்டேட் என்று சொல்லி அதற்கு ஒரு மணி நேரக் கூலி. அதற்கடுத்த முறை "உங்க பேட்டரி வீக்" என்று புது பேட்டரிகள் விற்றார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். புது பேட்டரி ஏற்றம் அதிகமாக இருக்கும்வரை இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும் என்பது பிறகுதான் புரிந்தது.

கால்வெஸ்டன் பக்கம் கப்பல் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் தூத்துக்குடி அண்ணன் ஒருவர் மீன் பிடிக்க வந்திருந்தார். பிளக்கைத் தொட்டுப் பார்த்தவர், "தம்பி, மோட்டார விடுங்க. ஒயரு எந்த வழியாப் போவுதுன்னு காட்டுங்க" என்றார். முதலில் மல்டிமீட்டர். மோட்டாரை முழு வேகத்தில் ஓட விட்டு பேட்டரி முனையில் பார்த்தால் 24.9 வோல்ட். அதே நேரம் முன்பக்க பிளக்கில் 22.1. வழியில் கிட்டத்தட்ட மூன்று வோல்ட் காணாமல் போகிறது. உடனே தூண்டில் பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றச் சொன்னார்.

உள்ளே இருந்தது பழைய 10 கேஜ் ஒயர். கேபிள் மோட்டாரோடு வந்த அதே ஒயர். இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரிகிற இரண்டடிக்கு மட்டும் 6 கேஜ் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய விதம் இன்னும் அழகு: தடித்த ஒயரின் செப்பு இழைகளில் பாதிக்கு மேல் வெட்டி எறிந்துவிட்டு, 12-10 கேஜுக்கான மஞ்சள் கனெக்டருக்குள் மிச்சத்தைத் திணித்திருந்தார்கள். அதன் மேலுறை பழுப்பேறி இருந்தது. "பிரேக்கர் ஏன் விழலை?" என்று கேட்டேன். "மூட்டு சுட்டா கரண்ட் கூடாது தம்பி, குறையத்தான் செய்யும். பிரேக்கருக்கு எப்படித் தெரியும்?" என்றார். தீப்பிடித்த பிறகுதான் நமக்கும் தெரியும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் படகுக்கும் உதவும். இந்த வகை மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். பேட்டரியிலிருந்து முன்முனைக்கு 20 அடி என்றால், போக வர 40 அடி. 10 கேஜ் ஒயரில் 50 ஆம்பியருக்கே சுமார் 2 வோல்ட் போய்விடும். 6 கேஜில் 0.8 வோல்ட். மீதி அந்த மஞ்சள் மூட்டுகளில் போனது. கேபிள் மோட்டாராக இருந்தவரை வோல்ட் குறைந்தால் இழுவை கொஞ்சம் குறையும், அவ்வளவே. திருப்புவது நம் கால்தானே. எலெக்ட்ரிக் ஸ்டியரில் திருப்பும் மோட்டார், ஜிபிஎஸ், கம்ப்யூட்டர் எல்லாமே அதே ஒயரில் வரும் கரண்டை நம்பி இருக்கின்றன. பழைய ஒயர் பழைய மோட்டாருக்குச் சமாளித்தது என்பதால் புதியதற்கும் சமாளிக்கும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். பெடல் தாமதம் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், பழகும். காற்றடிக்கும்போது மட்டும் வருகிற கோளாறு பழக்கத்தால் வருவதில்லை.

பிறகு மற்றவையும் வெளியே வந்தன. மோட்டாரின் அடித்தட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் இரண்டு, டெக்கைத் துளைத்து அடியில் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கியவை அல்ல. ஃபைபரில் திருகிய வெறும் மர ஸ்க்ரூ. மீன் காட்டும் கருவிக்கான கரண்டை ட்ரோலிங் பேட்டரிகளில் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார்கள். திரையில் கோடுகோடாக வந்ததற்குக் காரணம் அதுதான். என் பழைய கேபிள் மோட்டாருக்குப் பில்லில் கழிப்பதாக வாய்ப்பேச்சில் சொன்ன தொகையில் பாதிதான் கழித்திருந்தார்கள்.

படங்கள், மீட்டர் அளவுகள், பில் நகல் எல்லாம் சேர்த்து பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். டெக்சஸில் டிடிபிஏ என்று ஒரு நுகர்வோர் சட்டம் 1973 முதல் இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்; தெரிந்தே ஏமாற்றியது நிரூபணமானால் பொருளிழப்பின் மூன்று மடங்கு வரை கேட்கலாம். 20,000 டாலர் வரையிலான வழக்கை ஜஸ்டிஸ் கோர்ட் எனும் சிறு வழக்கு நீதிமன்றத்திலேயே வக்கீல் இல்லாமல் நடத்தலாம். கடிதம் போன பிறகு கடையின் குரல் மாறியது. ஒயருக்கும் கூலிக்கும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணனும் நானுமே இடையில் ஒட்டு இல்லாத 6 கேஜ் ஒயரை இழுத்தோம். பிரேக்கரை பேட்டரி முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் மாட்டினோம். இப்போது காற்றில் மோட்டார் அணைவதில்லை.

மாற்றுவதற்குக் கொடுக்கிறவர்கள் பில்லில் ஒயரின் கேஜ், நீளம், "இடையில் ஒட்டு இல்லை" என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஒயர் போகும் வழியைப் பலகை மூடும் முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுக்கிற கடைக்குப் படகைக் கொண்டுபோகாதீர்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள், முழு வேகத்தில் பேட்டரியிலும் பிளக்கிலும் வோல்ட் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பலகையைக் கழற்றுங்கள்.

புது பேட்டரிகளுக்கும் பழைய மோட்டாருக்கும் உரிய பணம் இன்னும் வரவில்லை. நோட்டீஸ் கெடு முடிந்ததும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் மனு போடப் போகிறேன். இதே மாதிரி இரண்டடி 6 கேஜ் வேலை வேறு யாருடைய படகிலாவது இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்க்கலாம்.