ஈ.ஜி.ஆர் வால்வு: கழற்றிச் சுத்தம் செய்வதா, புதிதாக மாற்றுவதா?

டீசல் காரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்து, பிக்கப் குறைந்து, கரும்புகை கூடினால், ஸ்கேனர் போட்டுப் பார்க்கும் மெக்கானிக் பல நேரங்களில் ஈ.ஜி.ஆர் (புகை மறுசுழற்சி) வால்வைக் கைகாட்டுகிறார். கழற்றிக் கழுவினால் போதும் என்று ஒரு பட்டறையிலும், புதிது போட்டாக வேண்டும் என்று இன்னொரு பட்டறையிலும் சொல்லும்போது, எதை நம்புவது என்று வண்டிக்காரர் குழம்பிப்போவது இயல்பு. இரண்டுமே சரியான பதிலாக இருக்கக்கூடும். பழுது கரியில் இருக்கிறதா, வால்வின் உறுப்புகளில் இருக்கிறதா என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினின் காற்று வழிக்குள் விடுவதே இந்த வால்வின் வேலை. அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் சிலிண்டருக்குள் எரிதலின் உச்ச வெப்பம் தணிந்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாவது குறைகிறது. ஆனால் புகையோடு வரும் கரித்துகளும், எஞ்சினின் உள்ளிருந்து காற்று வழிக்கு வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து, வால்விலும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலும் பிசினாகப் படிகின்றன. தர்மபுரி நகருக்குள் பள்ளிக்கும் சந்தைக்கும் மட்டும் குறைந்த வேகத்தில் ஓடி, எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் நிறுத்தப்படும் காரில் இந்தப் படிவு விரைவில் சேரும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தேசிய நெடுஞ்சாலை 44-இல் சுமார் 50 கிலோமீட்டர் சீராக ஓடிவரும் காரில், எஞ்சின் நன்றாகச் சூடேறிவிடுவதால், அது மெதுவாகவே சேரும்.

செலவைப் பற்றிப் பேசும் முன் ஸ்கேனர் காட்டும் குறியீட்டைக் கேட்டுக்கொள்வது அவசியம். பி0401 என்றால் புகை போதிய அளவு சுற்றவில்லை என்று பொருள்; அந்த அடைப்பு வால்வில் இல்லாமல், புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர் கூலரிலோ குழாயிலோகூட இருக்கலாம். பி0402 அளவுக்கு மீறிச் சுற்றுவதைச் சொல்கிறது. கரித்துண்டு சிக்கி வால்வு முழுதாக மூடாமல் நிற்பது இதற்குப் பொதுவான காரணம். இவ்விரண்டிலும் சுத்தம் செய்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. மாறாக, பி0403 மின்சுற்றுப் பழுதையும், பி0405, பி0406 ஆகியவை வால்வின் நிலையை அறியும் சென்சாரின் சுற்றையும் குறிப்பவை. இங்கே எவ்வளவு கழுவினாலும் பயன் இராது. முதலில் ஒயரையும் கனெக்டரையும் சோதித்து, அவை சரியாக இருந்தால் வால்வையே மாற்ற வேண்டும்.

சுத்தம் செய்வதன் பெரிய அனுகூலம் செலவுதான்: கூலி, கார்பன் கிளீனர், புதிய கேஸ்கட் ஆகியவற்றோடு முடிந்துவிடும், புதிய வால்வின் விலை இதைப்போல் பல மடங்கு. ஆனால் அந்த வேலை முறையாக நடக்க வேண்டும். மோட்டாரும் சென்சாரும் உள்ள பக்கத்தைக் கிளீனரில் நனைக்கக் கூடாது. வால்வு அமரும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் அதில் கீறல் விழுந்து, பிறகு ஒருபோதும் அது முழுமையாக மூடாது. மோட்டாரால் இயங்கும் வால்வைக் கையால் பலமாக அழுத்தித் திறந்தால் உள்ளிருக்கும் பற்சக்கரம் உடையக்கூடும். வால்வை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு மேனிஃபோல்டின் வாயில் விரற்கடை கரியை அப்படியே விடுவது பாதி வேலை. கழற்றாமலே காற்று வழியில் அடிக்கும் ஸ்ப்ரே, கெட்டியாகிவிட்ட படிவை அசைப்பதில்லை; அதற்குப் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வால்வின் தண்டு தளர்ந்து ஆடுகிறது, மோட்டார் அசைய மறுக்கிறது, அல்லது முறையாகச் சுத்தம் செய்த சில மாதங்களிலேயே அதே குறியீடு திரும்ப வருகிறது என்றால், மாற்றுவதே சிக்கனம். மலிவான போலிப் பாகங்களில் சென்சாரின் அளவீடு எஞ்சின் கணினி எதிர்பார்ப்பதோடு பொருந்தாமல் போய், அதே விளக்கு மீண்டும் எரியக்கூடும். ஆகவே பாகத்தின் எண்ணைச் சரிபார்த்து, பில்லோடு ஒரிஜினலையே வாங்குவது நல்லது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் வால்வு, இன்னொரு காரின் கரியையும் தேய்மானத்தையும் சேர்த்து வாங்குவதாகும்.

மூன்றாவதாக ஒரு யோசனையும் சொல்லப்படுகிறது: தகடு வைத்து ஈ.ஜி.ஆர் வால்வுக்குப் புகை வரும் வழியை அடைத்துவிடுவது. இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்ற நைட்ரஜன் ஆக்சைடின் வரம்பு பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ்) மாசுக் கட்டுப்பாட்டு விதியில் 0.25 கிராம், 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதியில் 0.08 கிராம். வழியை அடைத்தால் இந்த வரம்பைக் காக்கும் ஏற்பாடே போய்விடுகிறது. டீசல் வண்டிக்கான புகைப் பரிசோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே அளப்பதால் சான்றிதழ் கிடைத்துவிடலாம். ஆனால் அந்தக் காரின் பின்னால் நின்று மூச்சு விடுபவர் நம் ஊர்ப் பிள்ளைகள்தாம்.

பிஎஸ்-6 காரில் தாமதிப்பதும் ஆபத்து. திறந்தபடி சிக்கிய வால்வு கூடுதல் கரியை உண்டாக்க, அது புகைக்குழாயில் உள்ள வடிகட்டியை அடைக்கும். அந்த வடிகட்டி வால்வைவிட விலை கூடியது. கூலன்ட் காரணமின்றிக் குறைந்து வெண்புகையும் வந்தால், ஈ.ஜி.ஆர் கூலர் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அந்நிலையில் வால்வைப் பற்றிய விவாதம் இரண்டாம் பட்சமே.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வால்வு மூடிய நிலையை எஞ்சின் கணினிக்கு ஸ்கேனர் மூலம் மீண்டும் பழக்குவது பல கார்களில் கட்டாயம். படிந்திருந்த கரி நீங்கியதும் அந்த நிலை மாறிவிடுவதால், சுத்தம் செய்த வால்வுக்கும் இது பொருந்தும். வண்டியை எடுக்கும் முன், கணினி கேட்கும் திறப்பும் வால்வு உண்மையில் திறக்கும் அளவும் ஒன்றையொன்று பின்தொடர்கின்றனவா என்று ஸ்கேனர் திரையிலேயே காட்டச் சொல்லுங்கள்.