4,800 ரேண்ட் போச்சு, என் நாலு படங்களும் போச்சு

போர்ட்ஃபோலியோ (நம் படங்களைத் தொகுத்துக் காட்டும் அட்டைப் புத்தகம்) செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். நேற்றுதான் பார்சலைப் பிரித்தேன். இன்னும் கை நடுங்குகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு பதிப்பகம் என் வேலையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னது. கடையில் விற்கிற பிளாஸ்டிக் ஃபைலில் செருகிக் கொண்டுபோக மனசு வரவில்லை. கைவினைப் பொருள் விற்கும் ஒரு இணையதளத்தில் தேடி ஒருவரைப் பிடித்தேன். ஏ3 அளவு, லினன் துணி அட்டை, பக்கத்தை மாற்றிக்கொள்ள வசதியாகத் திருகாணி வைத்த முதுகு (பக்கங்கள் சேரும் ஓரம்), அமிலமில்லாத் தாள். எல்லாவற்றுக்கும் சரி என்றார். 4,800 ரேண்ட்.

ஃபோனில் தமிழில் பேசினார். இந்த ஊரில் கைவேலை செய்கிற ஒருவர் நம் மொழியில் பேசுவது எவ்வளவு அபூர்வம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். “தளத்துக்கு எதுக்கு கமிஷன்? நேரா என் கணக்குல போட்டுடு தங்கச்சி” என்றார். அந்தத் ‘தங்கச்சி’யில் விழுந்தேன். முழுப் பணத்தையும் அன்றே வங்கி வழியாக அனுப்பினேன். “ஒரிஜினல் இருந்தா கொடு, அதோட அழகே தனி” என்றதும் நாலு நீர்வண்ண ஓவியங்களையும் கொடுத்தேன். 1860இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து டர்பனுக்கு வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகள், மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டம்... எத்தனை ராத்திரி கண் விழித்து வரைந்தவை!

சொன்ன நாளுக்கு மூன்று வாரம் கழித்து வந்தது. பதிப்பகச் சந்திப்புக்கு அந்தப் பிளாஸ்டிக் ஃபைலோடுதான் போனேன். வந்த அட்டையோ பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது. அட்டையின் நார் முதுகுப் பக்கத்துக்கு இணையாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் வளையும். இவர் குறுக்கே வெட்டியிருக்கிறார். திருகாணியும் இல்லை, எல்லாம் ஒட்டல். என் நாலு படங்களையும் வெள்ளைக் கோந்தைத் தண்ணீராகக் கரைத்து முழுசாகப் பூசி ஒட்டியிருக்கிறார். தாள் சுருங்கி, கடலின் நீலம் கசிந்து ஆட்களின் முகத்தில் ஏறிவிட்டது.

கேட்டதற்கு முதலில் “டர்பன் காத்துல ஈரம், காய்ஞ்சா சரியாயிடும்” என்றார். பிறகு “மேலே கனமா ஏதாவது வை.” பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம் என்று 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னேன். “என்கிட்ட சட்டம் பேசாதே” என்று வைத்துவிட்டார். இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. தளத்தில் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, பொறுப்பேற்க முடியாது என்று ஒரே வரி. 4,800 ரேண்ட்! எனக்கு இரண்டு மாத வாடகை அது.

ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நல்ல பிரின்ட் போதும். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். முழுசாக முன்பணம் வேண்டவே வேண்டாம். அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக மடங்குகிறதோ அந்த மடிப்புக் கோட்டுக்கு இணையாகத்தான் நார் ஓடுகிறது. இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ரேண்ட் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். திங்கட்கிழமை போகிறேன்.

மாப்பசையாக இருந்தால் ஈரம் காட்டிப் பிரித்திருப்பேன். காய்ந்த வெள்ளைக் கோந்திலிருந்து நீர்வண்ணப் படத்தை எடுக்க யாருக்காவது வழி தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அந்தக் கப்பல் படம் ஒன்றாவது வேண்டும்.