ஆர்.சி. (ரிமோட் கன்ட்ரோல்) ஹெலிகாப்டருக்கு எந்த நீள பிளேடு? பல சீசன் ஓட்டத்தில் தெரியவரும் வித்தியாசங்கள்

பெட்டியில் 700 என்று போட்டிருந்தால் 700 மி.மீ. பிளேடுதான் போட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த எண் கிளாஸைத்தான், அதாவது ஹெலிகாப்டரின் அளவுப் பிரிவைத்தான் குறிக்கிறது. அதே பிரேமில் 690, 700, 710 மூன்றும் பறக்கும். 450 கிளாஸில் 325 வழக்கமான அளவு. 315, 335 போடுபவர்களும் உண்டு. 500 கிளாஸுக்கு 425 முதல் 430, 600 கிளாஸுக்கு 600 என்பது பொது வழக்கம். இந்த எல்லைக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஹெட் ஸ்பீடுதான் (மெயின் ரோட்டர் சுழலும் வேகம், ஆர்.பி.எம்.மில்) தீர்மானிக்க வேண்டும். நீளத்தை முதலில் முடிவு செய்துவிட்டு ஹெட் ஸ்பீடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் மோட்டார் சூடு, டெயில் வழுக்கல் (வால் பிடிப்பு இழந்து திரும்புவது), பேரிங் தேய்மானம் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

பிளேடு நீளம் போல்ட் துளையின் மையத்திலிருந்து நுனி வரை அளக்கப்படுகிறது. ரோட்டர் ஆரத்தைக் கணக்கிட, ஷாஃப்ட் மையத்திலிருந்து கிரிப் (பிளேடைப் பிடிக்கும் பாகம்) துளை வரையுள்ள தூரத்தையும் கூட்ட வேண்டும். அந்தத் தூரம் 90 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 690 பிளேடுக்கு ஆரம் 780. 710 பிளேடுக்கு 800. பார்க்க அற்ப வித்தியாசம். ஆனால் அகலமும் பிட்சும் (பிளேடின் சாய்வுக் கோணம்) ஆர்.பி.எம்.மும் மாறாமல் இருந்தால், தூக்கும் விசை ஆரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். பிளேடு காற்றைக் கிழித்துச் சுழல்வதற்கான பவர் நான்மடிக்கு ஏற்பக் கூடும். அதாவது 20 மி.மீ. நீட்டினால் லிஃப்ட் சுமார் 8 சதவீதம் ஏறுகிறது, பிளேடின் சொந்த இழுவைக்குப் போகும் பவர் சுமார் 11 சதவீதம் ஏறுகிறது. அதே லிஃப்டே போதுமென்றால் 2000 ஆர்.பி.எம்.மை ஏறத்தாழ 1925க்கு இறக்கலாம். நீள பிளேடின் உண்மையான ஆதாயம் இங்கேதான் இருக்கிறது: வேகத்தைக் குறைத்தால் பறக்கும் நேரம் கூடும், சத்தம் அடங்கும். வேகத்தைக் குறைக்காமல் நீளத்தை மட்டும் கூட்டியவர்களின் ஸ்பீடு கன்ட்ரோலரும் பேட்டரியும் சீக்கிரம் களைத்துப்போகின்றன. பிளேடு நீட்டும்போது பினியனில் (மோட்டாரின் சிறு கியர்) ஒரு பல்லைக் குறைப்பதும், கலெக்டிவ் பிட்சை (எல்லா பிளேடுகளும் ஒன்றாகச் சாயும் கோணம்) ±12 டிகிரியிலிருந்து 11க்குக் கொண்டுவருவதும் நல்ல தொடக்கம். முதல் இரண்டு பறப்புக்குப் பின் மோட்டார், பேட்டரி சூட்டைப் பார்த்துவிட்டு மெதுவாக ஏற்றலாம்.

பிளேடை வாங்கும் முன் டெயில் இடைவெளியை அளந்துவிட வேண்டும். மெயின் ஷாஃப்டுக்கும் டெயில் ஷாஃப்டுக்கும் இடையிலான தூரம், மெயின் ரோட்டர் ஆரம், டெயில் ரோட்டர் ஆரம் இரண்டையும் கூட்டியதைவிடக் குறைந்தது 10 முதல் 15 மி.மீ. அதிகம் இருக்க வேண்டும். 450இல் 325ஐ எடுத்துவிட்டு 335 போட்டால் இந்த இடைவெளியில் 10 மி.மீ. அப்படியே போய்விடும். சில பிரேம்களில் அதன்பின் ஒன்றுமே மிஞ்சாது. டெயில் பெல்ட்டை இறுக்கும்போது பூம் (டெயிலைத் தாங்கும் குழாய்) சற்று முன்னும் பின்னும் நகரும் என்பதால், பெல்ட்டைச் சரியான இறுக்கத்தில் வைத்த பிறகே அளக்க வேண்டும்.

குறைந்த ஹெட் ஸ்பீடுக்குப் போகும்போது டெயில்தான் முதலில் முரண்டுபிடிக்கும். டெயில் ரோட்டர் கியர் வழியாக மெயினோடு பிணைந்திருக்கிறது. 2000இலிருந்து 1500க்கு இறக்கினால் டெயில் வேகமும் முக்கால் பங்காகும். அதன் உச்ச விசை சுமார் 56 சதவீதமாகிவிடும். மெயின் ரோட்டரின் டார்க்கோ (உடலை எதிர்ப்பக்கம் திருப்பும் விசை) அந்த அளவுக்குக் குறையாது; ஏறும்போது கூடவும் செய்யும். நேராக மேலே குத்தும்போது மூக்கு ஒரு பக்கம் ஓடுவதற்கு இதுதான் காரணம். கைரோ கெயினை (டெயிலைத் தானாகத் திருத்தும் கைரோவின் உணர்திறன்) ஏற்றி இதைச் சரிசெய்ய முயல்வது வீண். 105 மி.மீ. டெயில் பிளேடை 115 ஆக்குவதுதான் தீர்வு, ஆனால் மேலே சொன்ன இடைவெளியை மறுபடி அளந்த பிறகு.

வேகம் குறைந்தால் மையவிலக்கு விசையும் அதே 56 சதவீதமாகிறது. பிளேடு விறைப்பாக நிற்காமல் மேலும் கீழும் அதிகம் வளையும். மென்மையான டாம்பரும் (ஹெட்டில் பிளேடின் ஆட்டத்தை அடக்கும் ரப்பர்) குறைந்த ஆர்.பி.எம்.மும் சேர்ந்த நிலையில் பின்னோக்கி வேகமாகப் பறக்கும்போது சட்டென்று ஸ்டிக்கை இழுத்தால் பிளேடு பூமில் அடிக்கும். 1500க்குக் கீழே 3டி பறத்தல் (தலைகீழாகவும் பின்னோக்கியும் சாகசமாகப் பறப்பது) வேண்டாம். நிதானமாகப் பறப்பதற்கு அது அருமையான வேகம்.

மையவிலக்கு விசையின் அளவைத் தெரிந்துகொண்டால் வேர்ப்பகுதியில் (பிளேடு கிரிப்புக்குள் நுழையும் முனை) ஏன் இவ்வளவு கவனம் என்பது புரியும். 180 கிராம் பிளேடு, அதன் எடைமையம் ஷாஃப்டிலிருந்து 40 செ.மீ., 2000 ஆர்.பி.எம். என்றால் ஒரு கிரிப்பை இழுக்கும் விசை ஏறத்தாழ 320 கிலோ எடைக்குச் சமம். ஆகவே வேரின் தடிமனும் துளையும் கிரிப்புக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். 700 கிளாஸில் பெரும்பாலும் 14 மி.மீ. தடிமன், 5 மி.மீ. போல்ட்; 600இல் 12 மி.மீ., 4 மி.மீ. போல்ட். இருந்தாலும் காலிப்பரால் அளந்து உறுதி செய்வதே முறை. 14 மி.மீ. கிரிப்பில் 12 மி.மீ. வேர் என்றால் இருபுறமும் 1 மி.மீ. வாஷர் போட வேண்டும். வாஷர் இல்லாமல் போல்டை முறுக்கி இடைவெளியை மூடினால் கிரிப் வளையும், உள்ளே பேரிங்குகள் மீது பக்கவாட்டுச் சுமை ஏறும். 4 மி.மீ. போல்டைப் பெரிய துளையில் தொளதொளவென்று போடுவது இன்னும் மோசம்.

போல்ட் இறுக்கத்துக்கு எளிய சோதனை: ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு தானாகத் தொங்கக் கூடாது; ஒரு குலுக்கு குலுக்கினால் நகர வேண்டும். இரண்டு பிளேடும் ஒரே இறுக்கத்தில் இருப்பது அவசியம். இறுக்கம் வேறுபட்டால் ஸ்பூல் அப் ஆகும்போது (ரோட்டர் வேகமெடுக்கும்போது) பிரேம் உதறும்.

பேலன்ஸ் செய்ய வரிசை முக்கியம். முதலில் ஒவ்வொரு பிளேடையும் ஒரு உருளைக் கம்பி மீது கிடத்தி எடைமையத்தைக் குறித்து, துளையிலிருந்து அதன் தூரத்தை ஒப்பிட வேண்டும். வேறுபட்டால் நுனியிலோ வேரருகிலோ டேப் ஒட்டி ஒன்றாக்கலாம். எடையைப் பார்ப்பது அதன்பின். இலேசான பிளேடில், எடைமையத்தின் மேலேயே டேப் சுற்றினால் எடைமையம் நகராமல் எடை சமமாகும். பிறகு டிராக்கிங், அதாவது இரண்டு பிளேடும் ஒரே தளத்தில் சுழலும்படி செய்வது: ஒரு பிளேடு நுனியில் வண்ண டேப் ஒட்டி, எட்ட நின்று, கண்மட்டத்தில் சுழலும் பிளேடைப் பார்த்து, லிங்கை (பிளேடின் கோணத்தை மாற்றும் இணைப்புக் கம்பி) அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்புங்கள். சுழற்சித் தளத்துக்கு நேராக அருகில் யாரும் நிற்கக் கூடாது.

பழைய ஃபிளைபார் (ரோட்டரை நிலைப்படுத்தும் குறுக்குக் கம்பி) காலத்து 3டி பிளேடுகளை, அந்தக் கம்பி இல்லாத ஃபிளைபார்லெஸ் ஹெட்டில் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. அவை சைக்ளிக்குக்குத் (ஹெலிகாப்டரைச் சாய்க்கும் கட்டளைக்கு) துடிப்பாகப் பதில் தரும்படி வடிவமைக்கப்பட்டவை. வேகமாக முன்னோக்கிப் பறக்கும்போது மூக்கு தானாக மேலேறும். அதை அடக்க சர்வோக்கள் (பிளேடின் கோணத்தை அசைக்கும் சிறு மோட்டார்கள்) ஓயாமல் உழைக்கும்.

நீண்ட ஓட்டத்தில் முதலில் தேய்வது த்ரஸ்ட் பேரிங் (கிரிப்பில் மையவிலக்கு விசையைத் தாங்கும் பேரிங்). கிரிப்பைக் கையால் திருப்பும்போது மணல்போல் நரநரவென்று உணர்ந்தால், கிரீஸ் போடும் கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள், மாற்றியாக வேண்டும். கனமான நீள பிளேடில் இது முன்னதாகவே வரும். அடுத்தது பிளேடின் வேர்: கார்பனில் முடிபோன்ற கோடு துளையருகே தெரிந்தால் அது பெயின்ட் விரிசலா, ஃபைபர் விரிசலா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், ஜோடியையே ஒதுக்கிவிடுங்கள். கழற்றிய லாக்நட்டின் நைலான் பிடிப்பு தளர்ந்திருந்தால் புதியது போடுங்கள்.

புதிதாக 700 கிளாஸுக்கு வருபவருக்கு 690 போதும்: ஸ்டாக் பினியன், 1800 முதல் 1900 வரை ஹெட் ஸ்பீடு, 105 டெயில். 1600ஐச் சுற்றி மிதமாகப் பறப்பவருக்கு 710 பொருத்தம். 2100க்கு மேல் முரட்டு 3டி பறப்பவர் 710ஐத் தொடாமல் இருப்பதே நல்லது. அந்த வேகத்தில் 690தான் திசை மாறுவதில் சுறுசுறுப்பு, மோட்டாருக்கும் மூச்சு விட இடம் இருக்கும்.