பொய்க்கூரைக்குள் ஒளித்து வைத்த கேபிள்: 770 வெள்ளி போனது

நேற்று மாலை என் வகுப்பறையின் பொய்க்கூரைப் பலகை ஒன்றைக் கழற்றிப் பார்த்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைத்தொகுதி ஒன்றில், புரொஜெக்டர் பொருத்தித் தரும் சிறிய கடை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு அருகில், ஒரு கடைவீட்டின் மாடியில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். 4கே என்னும் மிகத் துல்லியமான படத்தை ஏற்கும் புரொஜெக்டர் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அதைக் கூரையில் மாட்டி, என் மேசை வரை 15 மீட்டர் ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள் (கணினியின் படத்தை ஒளி வழியாகப் புரொஜெக்டருக்குக் கொண்டுசெல்வது) இழுத்துத் தருவதற்கு 680 வெள்ளி என்று பேசி, முழுத் தொகையையும் பேநவ் என்ற மின்பணப் பரிமாற்ற முறை வழியாக முன்கூட்டியே அனுப்பிவிட்டேன்.

வேலைக்கு வந்த தம்பி, வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு, பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கி, தூசு விழாமல் மேசைகளை மூடினார். “அக்கா, எங்க ஊர்ல எனக்குத் தமிழ் எடுத்த டீச்சர் மாதிரியே இருக்கீங்க” என்றார். அந்த ஒரு சொல்லில் நான் உருகிப்போய், கேபிளைக் கண்ணால் பார்க்காமலேயே தேநீர் கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது பலகை மூடப்பட்டிருந்தது.

கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளைக் காட்டித்தான் பாடம் நடத்துவேன். முதல் வாரமே திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் மின்னின. “டீச்சர், எல்லா எழுத்தும் மெய்யெழுத்தா மாறிடுச்சு” என்று தொடக்கநிலை 4 மாணவி சொன்னபோது நானும் சிரித்தேன். அடுத்த வாரம் படம் இரண்டு மூன்று விநாடிகள் அணைந்து அணைந்து வந்தபோது சிரிப்பு வரவில்லை.

கடையை அழைத்தேன். மடிக்கணினியில்தான் கோளாறு என்றார்கள். வேறொரு மடிக்கணினியிலும் அதே புள்ளிகள் என்றதும், புரொஜெக்டர் சூடாகிறது என்றார்கள். பிறகு, சிக்னலை வலுப்படுத்தும் பூஸ்டர் போட்டால் சரியாகும் என்று இன்னொரு 90 வெள்ளியையும் கறந்தார்கள். ஆக 770 வெள்ளி. புள்ளிகள் மட்டும் போகவில்லை. அதன் பிறகு எப்போது அழைத்தாலும் முதலாளி ஜோகூருக்குப் போயிருக்கிறார் என்ற பதில்தான். மனிதர் அங்கேயே குடியேறிவிட்டார் போலும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன் நேற்று வந்தான். ஏணியில் ஏறி நின்று, 2 மீட்டர் கேபிளால் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் நேரடியாக இணைத்தான். படம் பளிச்சென்று வந்தது. பிறகு பழைய கேபிளையே மாட்டி, படத்தின் துல்லியத்தை 4கேயிலிருந்து அதைவிடக் குறைந்த 1080க்கு இறக்கினான், புள்ளிகள் மறைந்தன. விநாடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் 4கேக்கு விநாடிக்கு ஏறத்தாழ 18 கிகாபிட் தரவு வேகம் தேவை என்றும், 1080க்கு அதில் கால் பங்கே போதும் என்றும், ஆகவே கேபிள்தான் திணறுகிறது என்றும் விளக்கினான். பலகையைத் திறந்தோம். ஒளியிழை அல்ல, சாதாரணச் செப்புக் கேபிள். அதுவும் ஒன்றல்ல, 10 மீட்டரும் 5 மீட்டருமாக இரண்டு துண்டுகள், நடுவில் மலிவான ஓர் இணைப்பான், அதன்மேல் கருப்பு டேப் சுற்று. ரசீதிலோ “ஒளியிழை, 15 மீட்டர்” என்று அச்சடித்திருக்கிறது!

படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அரை மணி நேரம் கழித்து, “சர்வீஸ் வாரண்டி 30 நாள்தான் அக்கா, ஆள் வந்து பார்க்க 80 வெள்ளி” என்று பதில் வந்தது. கேட்டதைக் கொடுக்காமல் ஏமாற்றியதற்கும் 30 நாள் கணக்கா?

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பலகையை மூடுமுன் கேபிளை முனையிலிருந்து முனை வரை பாருங்கள். ஒளியிழைக் கேபிளுக்குத் திசை உண்டு. கணினிப் பக்கம் எது, திரைப் பக்கம் எது என்று முனைகளிலேயே குறித்திருக்கும். 4கே படத்தை ஓட்டிக் காட்டாமல் என்னைப் போல முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். பூஸ்டர் வாங்குமுன் சிறிய கேபிளால் நேரடியாகச் சோதியுங்கள். ரசீதை எறியாதீர்கள்.

அந்த ரசீதுடன் நாளைக் காலை பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகிறேன். அங்கே முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 770 வெள்ளியில் ஒரு காசுகூட விடுவதாக இல்லை. சனிக்கிழமை வகுப்பு வரை, 1080 துல்லியத்திலேயே பாடம் ஓடும்.